யூதாசுக்கு மூன்று சொம்பு

ஏப்ரல் 4, 2603. ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப் போவதை மனிதப் பிறவி எதுவும் நம்பப் போவதில்லை என்று, என் வலது கையை என் இடது கையாலேயே பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். யாராவது நம்பினால் அது அவர்கள் குற்றம்.

2603 என்பது என் கற்பனை இல்லை. ஜப்பான்காரன் கணக்கு. அவன் வந்த கையோடு வருடத்தில் அறுநூற்று அறுபதைக் கூட்டினான், கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டினான், அரிசியில் மட்டும் கழித்தான். எனக்கு வயது நாற்பத்தொன்று. புதுக்கணக்கில் எழுநூற்று ஒன்று. அந்த வயதுக்கு நான் வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறேன்.

பூசை முடிந்ததும் பெரிய சாமியார் கூப்பிட்டார். பிரான்ஸ் தேசத்து மனிதர். நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார், அதனாலேயே பாதி புரியாது.

"சந்தியாகு, பெரிய வியாழனன்று பாதம் கழுவுதற்கு இவ்வருடம் ஆண்கள் இலர்."

வருடா வருடம் பன்னிரண்டு ஆண்கள் பீடத்துக்கு முன் வரிசையாக உட்காருவார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். சாமியார் முழந்தாளிட்டு ஒவ்வொருவர் வலது காலையும் கழுவுவார். இந்த வருடம் யார் உட்காருவது? போன மாதம் எங்கேயோ இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, இருந்த ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றி சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம், இன்னும் ஒருவனும் திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் காஜா பெராங்கில் எந்த ஆணும் இன்னொரு ஆணுக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. என் அக்கா புருஷன், அத்தான்கூட பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் மரவள்ளித் தோட்டத்தில்தான் ஒளிந்து கிடக்கிறார். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தால் அது லாரிக்கு இலை போட்டுப் பரிமாறி வைத்தது போல.

"ஆகையால் சிறு பிள்ளைகள். உபதேசியார் காய்ச்சலில் இருக்கிறார். நீரே பழக்க வேண்டும். கதை சொல்ல வேண்டாம்."

கதை வேண்டாமாம்! என்னிடம்!

நான் ஏன் லாரிக்குப் பயப்படவில்லை என்றால், பண்டார் ஹிலிரிலிருந்து கிளேபாங் வரை கடைப் பலகை எழுதுகிறவன் நான் ஒருவன். ஜப்பான்காரனுக்கும் பலகை வேண்டும். எழுதுகிற கையை அனுப்ப மாட்டார்கள்.

மாட்டார்கள்தானே?

ஏப்ரல் 8. வியாழன்

முதல் ஒத்திகை. பன்னிரண்டு பையன்கள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஆறு. கால்களை நீட்டச் சொன்னேன். அந்த வாடையில் கோயில் கூரையிலிருந்து இரண்டு ஓடு எழும்பிப் பறந்து கடலில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சோப்பு ஏது, எண்ணெய் ஏது. எல்லாக் காலிலும் சிரங்கு, புண், சேறு. ஒரே ஒரு ஜோடிக் காலில் மட்டும் சப்பாத்து. வெள்ளைக் கித்தான் சப்பாத்து. தம்பிராஜாவின் மகன் சலேத்து, வயது ஏழு.

தம்பிராஜா ஜப்பான்காரன் ஆபீசில் மொழிபெயர்ப்பு. கையில் பட்டி கட்டியிருப்பார். சயாமுக்குப் போகிறவர்கள் பட்டியலைத் தமிழில் எழுதுவது அவர்தான். கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. சலேத்து பக்கத்திலும் பையன்கள் ஒரு முழம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். என் அக்கா மகன் தொம்மை இரண்டு முழம் விட்டான்.

சாமியார் எட்டிப் பார்க்க வந்தார். பன்னிரண்டு பேரும் சடாரென எழுந்து, பள்ளிக்கூடத்தில் டோக்கியோ பக்கம் குனிகிற மாதிரி, இடுப்பு ஒடிய அவருக்குக் குனிந்தார்கள். சாமியார் முகம் போன போக்கு!

ஏப்ரல் 11. ஞாயிறு

தப்புச் செய்துவிட்டேன்.

யார் எந்த அப்போஸ்தலர் என்பதில் சண்டை. பதினொரு பேருக்கும் இராயப்பராக வேண்டும், ஏனென்றால் மோட்சத்தின் திறவுகோல் அவரிடம். அப்பாசாமி மகன் மிக்கேல் சொல்கிறான், "எங்கப்பா எட்டு வருசம் இராயப்பரா உக்காந்தாரு, அது எங்க வீட்டுப் பதவி." சரி, சீட்டுக் குலுக்குவோம் என்றேன்.

உபதேசியார் காலத்தில் பன்னிரண்டாவது பெயர் மத்தியாஸ் என்றுதான் எழுதுவார்கள், காட்டிக்கொடுத்த யூதாசுக்குப் பதிலாகப் பின்னால் தேர்ந்தெடுத்தவர். நான் குறும்புக்காக யூதாஸ் என்றே எழுதினேன். தொம்மை கையில் வரும், அழுவான், கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு மாற்றிக் கொடுக்கலாம் என்று எண்ணினேன்.

பால் டின்னில் போட்டுக் குலுக்கினேன். சலேத்து எடுத்தான். அவனே எழுத்துக்கூட்டிப் படித்தான். "யூ... தா... ஸ்."

தொம்மைதான் ஆரம்பித்தான், கழுதை. "யூதாஸ்! அப்பனும் யூதாஸ், மவனும் யூதாஸ்!" பதினொரு பேரும் பிடித்துக்கொண்டார்கள். கோயில் வாசலிலிருந்து சாலை முனை வரை கத்திக்கொண்டே போனார்கள். சன்னலில் எல்லாம் ஆட்கள். ஒருவரும் பிள்ளைகளை அடக்கவில்லை. பெரியவர்கள் சொல்லப் பயந்ததைப் பிள்ளைகள் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சலேத்து ஓடவில்லை. சீட்டைக் கையில் பிடித்தபடி நடந்தே போனான்.

ஏப்ரல் 12. திங்கள்

வந்தார்.

பட்டறையில் நான் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தேன். தம்பிராஜாவை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"எழுத்து நல்லாருக்கு மாஸ்டர். உங்க கைதானே?"

"ஆமாங்க சார்... குலுக்கல்ல வந்தது சார், யாரும் வேணும்னு..."

"மத்த பதினொரு சீட்டையும் நான் பாக்கணும்."

புரிந்தது. பன்னிரண்டிலும் யூதாஸ் என்று எழுதி, அவர் மகனுக்கென்றே குலுக்கியிருப்பேன் என்று நினைக்கிறார். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். போகும்போது வாசலில் நின்று சொன்னார், "உங்க பேரு முழுசா என்ன மாஸ்டர்? சந்தியாகு மட்டுமா, இனிஷியல் இருக்கா?"

இதற்கு மேல் எழுத வரவில்லை. தூரிகையைக் கழுவாமலே வைத்துவிட்டேன். இருபது வருடத்தில் இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 13. செவ்வாய்

பதினொரு சீட்டு தேடிய படலம். பாரதப் போர் இதற்கு முன்னால் தூசி. ஒன்று கோழிக்கூண்டில். ஒன்று காற்றாடி வாலில். மிக்கேல் தன் சீட்டைத் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தான், இராயப்பர் அவனுக்கே விழுந்ததால். அப்பாசாமியே பிரித்துக் கொடுத்தார். "பத்திரமா இரு சந்தியாகு, அந்தாளு சாதாரண ஆளில்ல," என்றார். தொம்மையினுடையது அவன் வயிற்றில். தின்றுவிட்டான்! "பசிச்சது மாமா." அக்கா ஆப்பையைத் தூக்கினாள். "உம் புத்தி அப்படியே இவனுக்கு, டேய்!" அடி எனக்கா அவனுக்கா என்று கடைசி வரை தெரியவில்லை. இருவருக்கும் விழுந்தது.

பத்துச் சீட்டோடு போனேன். தம்பிராஜா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். எல்லாம் வேறு வேறு பெயர். முகம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. பிறகு:

"சின்ன வயசுல நானும் இந்த ஒத்திகையெல்லாம் பாத்திருக்கேன் மாஸ்டர். பன்னெண்டாவது மத்தியாஸ்தானே?"

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"மாத்திடறேன் சார். இப்பவே மத்தியாஸ்னு எழுதிக் குடுத்துடறேன்."

"மாத்தினா, நான் மிரட்டி மாத்தினேன்னு இந்த ஊரு சொல்லும். மாத்தாட்டி எம்புள்ள யூதாஸ். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. பெரிய வியாழன் வரைக்கும் டைம் இருக்கு."

ஏப்ரல் 14. புதன்

ஆபீசில் கூட்டுகிற ஆள் சொன்னான், அடுத்த சயாம் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். பன்னிரண்டாவது.

ஏப்ரல் 15. வியாழன்

பயமா? எனக்கா? முன்னொரு காலத்தில் இந்தச் சாலையில் மதம் பிடித்து வந்த யானையை முறைத்தே திருப்பி அனுப்பிய சந்தியாகு நான். இடது முழங்காலில் தழும்புகூட இருக்கிறது, அது புலி.

சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் ஒத்திகைக்குச் சலேத்து வந்தான். எல்லாரையும்விட ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தான். நெஞ்சில் குத்திக்கொள்ள மத்தியாஸ் என்று எழுதிய நாடாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான்தானே மாமா எடுத்தேன் அந்தச் சீட்ட."

"அதனால என்னடா? மாத்திக்கலாம்."

"யூதாஸ் கெட்டவனா மாமா?"

சாமியார் கதை சொல்லாதே என்றார். நான் என்ன செய்வேன், வாய் திறந்தால் அதுதான் வருகிறது. சொன்னேன்: அந்த வியாழக்கிழமை சேசுநாதர் எல்லாருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் ஊற்றினார், யூதாசுக்கு மட்டும் மூன்று சொம்பு. ஏனென்றால் அன்று ரொம்ப தூரம் நடந்தவன் அவன், அவன் காலில்தான் அழுக்கு அதிகம். ஒரு சொம்பு ஊற்றினார், போகவில்லை. இரண்டு, போகவில்லை. மூன்றாவதும் ஊற்றினார். இராயப்பர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துப் பொறாமையில் வெந்தார்.

பையன் யோசித்தான். "மூணு சொம்பா?"

"மூணு. எண்ணிப் பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க."

"அப்ப நான் யூதாசாவே இருக்கேன்."

பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். மிக்கேல் மெதுவாகக் கேட்டான், "மாமா, இராயப்பருக்கு ஒண்ணுதானா?"

ஏப்ரல் 18. குருத்தோலை ஞாயிறு

சலேத்து சப்பாத்து போடாமல் வந்தான். குருத்தோலைப் பவனி முழுக்க வேண்டுமென்றே வாய்க்கால் ஓரச் சேற்றில் நடந்தான். ஏன்டா என்றேன். "மூணு சொம்புக்கு அழுக்கு பத்தல மாமா."

தொம்மை அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான், நல்ல சேறு மீன் சந்தைக்குப் பின்னால்தான் கிடைக்கும் என்று. இருவரும் சேர்ந்தே போனார்கள். நேற்று வரை இரண்டு முழம்!

தம்பிராஜா தூரத்தில் நின்று மகனுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையனின் சப்பாத்தையும் கழற்றவைத்துவிட்டேன் என்று என் குற்றக் கணக்கில் இதுவும் சேர்ந்திருக்கும்.

ஏப்ரல் 21. புதன்

நாளை. அக்காவிடம் சொல்லிவிட்டேன், என் பெட்டியில் இரண்டு நல்ல சட்டை இருக்கிறது, தொம்மைக்கு வெட்டித் தைத்துக் கொடு என்று. "வாய மூடுடா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22. பெரிய வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னால் முடிகிறதா பார்ப்போம்.

கோயிலில் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். ஆண் என்று சொல்ல நானும் அப்பாசாமியும். பன்னிரண்டு பையன்களும் பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார்கள், நெஞ்சில் நாடா. நான் எழுதிய எழுத்து. கடைசியில் சலேத்து. யூதாஸ்.

கூசாவில் தண்ணீரோடு நான் சாமியார் பின்னால் நின்றேன். அவர் கை நீட்டினால் சொம்பில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பாதிச் சடங்கில் பின்பக்கம் சப்பாத்துச் சத்தம். திரும்பாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாசாமி பக்கக் கதவைப் பார்த்தார். வெளியே லாரி நிற்கிறதா என்று நானும் காதைத் தீட்டினேன். செபம் சொன்ன குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. தம்பிராஜா, பட்டியோடு, தனியாக, கடைசித் தூணருகே நின்றார்.

சாமியார் நிறுத்தவில்லை. இராயப்பர், ஒரு சொம்பு. பெலவேந்திரர், ஒரு சொம்பு. தொம்மை கூச்சத்தில் சிரித்து உதைத்தான். பதினொன்று முடிந்தது.

சலேத்து காலை நீட்டினான். நான்கு நாள் சேறு, கணுக்கால் வரை. பெருவிரலில் கண்ணாடி கிழித்த காயம் வேறு. சாமியார் ஒரு சொம்பு ஊற்றித் துடைக்கத் துணியை எடுத்தார்.

"சாமி, இன்னும் ரெண்டு இருக்கு."

கோயில் முழுக்கக் கேட்டது. சாமியார் அவனைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கதை சொன்னீரா? கண்ணாலேயே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொம்பை நீட்டினார். இரண்டாவது ஊற்றினேன். கூசாவில் அவ்வளவுதான் தண்ணீர். கவிழ்த்தேன், இரண்டு சொட்டு.

"ரெண்டு," என்றான் பையன். காத்திருந்தான். கால் நீட்டியபடியே இருந்தது.

மற்ற பதினொரு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வருமா? வராவிட்டால் நான் பொய்யன். அது உலகத்துக்கே தெரியும். ஆனால் வராவிட்டால் அவன் வெறும் யூதாஸ்.

சப்பாத்துச் சத்தம் மறுபடியும். தூரமாகப் போய், வெளியே போய், திரும்பி வந்தது. தம்பிராஜா இரண்டு பெஞ்சு வரிசைக்கும் நடுவில் நடந்து வந்தார். கையில் கோயில் முற்றத்து மழைத்தண்ணீர்த் தொட்டிச் சிரட்டை, வழிய வழிய. இத்தனை நாள் யாரும் நேராகப் பார்க்காத மனிதரை அன்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டார். சாமியார் சலேத்துவின் காலைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் ஊற்றினார்.

"மூணு," என்றான் சலேத்து.

ஏப்ரல் 25. பாஸ்கு ஞாயிறு

அல்லேலூயா. லாரி வரவில்லை. பெயரும் எங்கும் போகவில்லை, பட்டியலில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 27. செவ்வாய்

தம்பிராஜா பட்டறைக்கு வந்தார். ஒரு பலகை, ஒரு தாள். நாளை மறுநாள் சக்கரவர்த்தி பிறந்தநாளாம், அதற்குள் எழுதி சாலை முனையில் நிறுத்த வேண்டும். சயாம் போகிறவர்கள், நாற்பது பேர்.

தாளில் பன்னிரண்டாவது வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தது. நான் எழுத்துக்காரன். மைக்கு அடியில் எந்த எழுத்தின் வயிறு எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியும். என் பெயரை எனக்குத் தெரியாதா?

"இங்க யாரு சார்?"

"பன்னெண்டாம் நம்பர் இல்ல. பதினொண்ணுக்கு அப்புறம் பதிமூணு. ஜப்பான் அதிகாரி கடைசி நம்பரத்தான் பாப்பான், நாற்பது இருக்கணும்." வாசலைப் பார்த்துக்கொண்டார். "தலைய எண்ணினா நம்ம ரெண்டு பேரும் போனோம்."

"சார், மூணாவது பேரு... அப்பாசாமி. அவரு புள்ள மிக்கேலு சலேத்துகூடதான்..."

"ஒரு கோட்டுக்கு மேல என்னால முடியாது மாஸ்டர்."

அவர் போனதும் அக்காவை அப்பாசாமி வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து சொன்னாள்: "ஓடினா பொஞ்சாதிய இழுத்துட்டுப் போவாங்கன்னு சொல்லிட்டாரு."

ஏப்ரல் 29. வியாழன்

உலக வரலாற்றில் இப்படி ஒரு பலகையை எவனும் எழுதியதில்லை. இது மிகை இல்லை.

மூன்று பத்தி. முதல் பத்தியின் தலையில் உதயசூரியனைப் பெரிதாக, மூன்று வரி இடத்தை அடைத்து, சிவப்பாக வரைந்தேன். அதனால் அந்தப் பத்தியில் பதினொன்றோடு இடம் முடிந்தது. பதிமூன்று அடுத்த பத்தியின் உச்சியில். இருபத்தாறோடு அது முடிந்தது. கடைசிப் பத்தி நாற்பதில். அதிகாரி வந்தான். சூரியனைப் பார்த்தான். கடைசி எண்ணைப் பார்த்தான். விரலை மேலிருந்து கீழாக ஓட்டினான், பதினொன்றில் நிறுத்தினான். தம்பிராஜா அவன் பாஷையில் ஏதோ சொல்லி சூரியனைக் காட்டினார். அவன் தலையாட்டினான். எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தான்.

மூன்றாவது பெயரையும் அதே அழகாகத்தான் எழுதினேன். அப்பாசாமி. ஐந்து எழுத்து. கை நடுங்கவே இல்லை. நடுங்கியிருக்கலாம்.

மே 1. சனி

லாரி வந்து போனது.

மே 9. ஞாயிறு

பூசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சலேத்து வெறுங்காலோடு வந்தான், இம்முறை சேறு தேடி இல்லை. வெள்ளைக் கித்தான் சப்பாத்து மிக்கேல் காலில். ஒரு அளவு சிறியது. நொண்டி நொண்டி நடக்கிறான், கழற்றமாட்டேன் என்கிறான். தொம்மை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான், இடைவெளி விடாமல். தம்பிராஜா தன் பெஞ்சில் தனியாக இருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் சாமியார் என் காதைப் பிடித்தார், சின்னப் பையனைப் பிடிக்கிற மாதிரி. "மூன்று சொம்பு எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது, சந்தியாகு?"

எதிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இந்த நோட்டிலும் ஒப்புக்கொள்கிறேன். யானை பொய். புலியும் பொய், அந்தத் தழும்பு ஏணியிலிருந்து விழுந்தது. பறந்த ஓடு பொய். எனக்குப் பயமில்லை என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய். மூன்று சொம்பும் பொய்தான்.

ஆனால் யூதாசின் காலையும் சேசுநாதர் கழுவினார். அது மட்டும் நிசம்.